டைமிங் செயினா, பெல்ட்டா? எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

கேள்வி இதுதான். கையில் இருக்கும் சின்ன கார் 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது, செயின் எஞ்சின், "ஆயுள் முழுக்க அதில் கை வைக்கவே வேண்டாம்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஆனால் கொஞ்ச நாளாகக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கடகட சத்தம் வருகிறது. இரண்டாவதாக வாங்கப் பார்த்து வைத்திருக்கும் பழைய கார் பெல்ட் எஞ்சின், 8 வயது, ஓடியது வெறும் 45,000 கி.மீ., பெல்ட் மாற்றியதற்கு எந்த ரசீதும் இல்லை. பெல்ட் என்றாலே அறுந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், அந்தக் காரை விட்டுவிடலாமா? சத்தம் வரும் செயின் காரில், உள்ளே படிந்த கசடைக் கழுவும் எஞ்சின் ஃப்ளஷ் ஊற்றலாமா?

விட வேண்டியதில்லை. உண்மையில் இந்த இரண்டில் உடனே பார்க்க வேண்டியது உங்கள் செயின் கார்தான். பெல்ட் காரில் இருப்பது தெரிந்த பிரச்சினை, ஒரு நாள் வேலை, பெல்ட்டும் அதோடு சேர்ந்த புல்லிகளும் அடங்கிய கிட் போட்டுப் பூட்டினால் அடுத்த பல வருடத்துக்குக் கவலை இல்லை. செயின் காரில் வரும் அந்தச் சத்தம் எதனால் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஒரு ஆயில் ஃபில்டரோடு முடியலாம், எஞ்சினின் முன்பக்கம் முழுவதையும் கழற்றுவதிலும் முடியலாம்.

இரண்டும் செய்வது ஒரே வேலை. பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும், அதுவும் எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர வேண்டுமோ அதே இடத்தில். எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. இன்றைக்கு வரும் பெரும்பாலான சின்ன கார் எஞ்சின்களில் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும் இடமும் பிஸ்டன் மேலே ஏறி வந்து நிற்கும் இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழும். நேரம் சரியாக இருக்கும்வரை ஒன்று விலகிய பிறகுதான் மற்றது வரும். டைமிங் தப்பினால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், வால்வு வளையும், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டும். டொயோட்டாவின் 4ஏ-எஃப்இ மாதிரி சில பழைய எஞ்சின்களில் இடைவெளி போதுமானதாக இருந்ததால் பெல்ட் அறுந்தாலும் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான், புது பெல்ட் போட்டு ஓட்டிப் போய்விடலாம். கம்ப்ரெஷனும் மைலேஜும் கூட்டக் கூட்ட அந்தச் சலுகை போய்விட்டது. உங்கள் எஞ்சின் எந்த வகை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் இடிக்கும் வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெல்ட்டைப் பேசி முடித்துவிடலாம், அது எளிது.

கேம்ஷாஃப்ட்டைச் சுற்ற ரப்பர் பெல்ட்டை உற்பத்திக் காரில் முதலில் போட்டது ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம், 1962-இல், 1004 என்ற சின்ன காரில். சத்தம் குறைவு, எடை குறைவு, எண்ணெய் தேவையில்லை, செலவும் குறைவு. அதனால்தான் அடுத்த முப்பது நாற்பது வருடம் சின்ன கார் உலகம் பெரும்பாலும் பெல்ட் பக்கம் சாய்ந்தது. சுசூகியின் பழைய எஃப்8 வரிசை, ஹூண்டாயின் 1.1 எப்ஸிலான், ரெனோவின் கே9கே டீசல் எல்லாம் பெல்ட்தான். அதே சுசூகி கே வரிசைக்கும் ஹூண்டாய் கப்பா எஞ்சினுக்கும் வந்தபோது செயினுக்கு மாறிவிட்டது. ஃபோக்ஸ்வேகன் நேர் எதிராகப் போனது: இஏ111 டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் கொடுத்த தொந்தரவுக்குப் பிறகு, அடுத்து வந்த இஏ211 வரிசையில் பெல்ட்டுக்குத் திரும்பியது. ஆக "செயின் என்றால் புது டெக்னாலஜி, பெல்ட் என்றால் பழசு" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பெல்ட்டுக்கு இரண்டு கணக்கு உண்டு, கிலோமீட்டர் ஒன்று, வருடம் ஒன்று, எது முதலில் வருகிறதோ அது. பழைய எஞ்சின்களில் 60,000-லிருந்து 1 லட்சம் கி.மீ. வரை சொல்லியிருப்பார்கள், புதியவற்றில் 1½ லட்சத்தையும் தாண்டும். வருடக் கணக்கு பெரும்பாலும் 5-லிருந்து 10-க்குள். சரியான எண் உங்கள் எஞ்சினின் பராமரிப்பு அட்டவணையில்தான் இருக்கும். அதே பெயருள்ள காரில் வேறு எஞ்சின் இருந்தால் எண்ணும் வேறு, அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிகம் பேர் கோட்டை விடுவது வருடக் கணக்கில்தான். வண்டி கம்மியாகத்தான் ஓடியிருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று தோன்றும். ஆனால் வண்டி நின்றாலும் ரப்பருக்கு வயசாகும், எஞ்சின் சூட்டில் காய்ந்து காய்ந்து ஆறும்போது இறுகும். நிற்கும் வண்டியில் பெல்ட் வாரக்கணக்கில் ஒரே வளைவில் புல்லியைச் சுற்றி மடிந்து கிடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்திருக்கும் 8 வருடக் கார் இந்த வகை. 45,000 கி.மீ. என்பது அங்கே ஆறுதல் இல்லை.

"மேல் கவரைக் கழற்றிப் பார்த்தேன், பெல்ட் நன்றாக இருக்கிறது" என்று விற்பவர் சொல்வார். பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் தெரியும். பழைய காலத்து பெல்ட் முதுகில் வெடிப்பு காட்டும். இப்போதைய பெல்ட் ரப்பர் வேறு ரகம், உள்ளே கண்ணாடி இழைக் கயிறு ஓடுகிறது, பல் பக்கம் நைலான் துணி ஒட்டியிருக்கிறது. இது பெரும்பாலும் முதுகு வெடிக்காமலேயே போகும். பலவீனமாவது பல்லின் அடியில். கழற்றிய பழைய பெல்ட்டை எடுத்துப் பல் வெளியே தெரியும்படி மெல்ல வளைத்து, இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பல் தொடங்கும் மூலையில் முடி அளவுக்கு ஒரு கோடு ஓடும், நகத்தை வைத்தால் மாட்டும். அந்தக் கோடு கிராங்க் பக்கம் இருக்கும் ஒரே ஒரு பல்லில் முழுதாகப் போனால் அடுத்த பல், அதற்கு அடுத்தது என்று வரிசையாகப் பிய்ந்துவிடும். பெல்ட் அறுந்தது என்று சொல்லப்படும் வண்டிகளில் பலவற்றில் பெல்ட் முழு வளையமாகவே உள்ளே கிடக்கும், ஓர் இடத்தில் மட்டும் பல் மொழுமொழுவென்று இருக்கும். மேல் கவர் வழியாகத் தெரியும் நாலு அங்குலத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. எண்ணெயோ கூலன்டோ பெல்ட் மேல் பட்ட அடையாளம் தெரிந்தால் கிலோமீட்டர் கணக்கே பார்க்க வேண்டாம், கசிவை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள். டென்ஷனர், பெல்ட்டைத் தாங்கித் திருப்பிவிடும் ஐட்லர் புல்லி எல்லாம் அதே கிலோமீட்டர் ஓடியவை, உள்ளே சின்ன பேரிங், அதில் கிரீஸ் காய்ந்திருக்கும். ஒரு புல்லி பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட்டே சுற்றும் எஞ்சின் என்றால் பம்ப்பும் சேர்த்துத்தான். பம்ப் பின்னால் கசிந்தால் மறுபடி இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம். கேம், கிராங்க் ஆயில் சீல்களில் ஈரம் தெரிந்தால் அதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்க முடிந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள், குறை சொல்வதற்காக இல்லை, ஆளைத் தெரிந்துகொள்ள. எஞ்சின் ஆறியிருக்கிறதா? டென்ஷனரில் ஒரு முள்ளும் அது நிற்க வேண்டிய பள்ளமும் இருக்கும், அந்த அளவு ஆறிய எஞ்சினுக்குச் சொன்னது. கேமையும் கிராங்க்கையும் பூட்டிப் பிடிக்கும் பின் அல்லது தகடு வைத்திருக்கிறாரா, இல்லை வெள்ளை பெயின்ட்டில் புள்ளி வைத்து எல்லாவற்றையும் நம்பிக்கையில் விடுகிறாரா? புள்ளி வைப்பது முழுத் தப்பு இல்லை, பழைய எஞ்சின்களில் அதுவே போதும், ஆனால் பல எஞ்சின்களில் கிராங்க் புல்லியைத் தண்டோடு பூட்டும் சின்ன ஆப்பு (கீ) கிடையாது, போல்ட்டின் இறுக்கம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. அங்கே பூட்டும் கருவி இல்லாமல் தொடக் கூடாது. அந்தப் போல்ட்டும் பெரும்பாலும் ஒருமுறைதான், பழையதையே திருப்பிப் போடக் கூடாது. எல்லாம் முடிந்ததும் ஸ்பேனர் போட்டுக் கையால் கிராங்க்கை அது ஓடும் திசையிலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். சுற்றும்போது எங்காவது கட்டியாக இடித்தால் அது வால்வு, அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இந்த இரண்டு சுற்றைச் சுற்றாமல் நேராக ஸ்டார்ட் அடிக்கிறவரிடம் அடுத்த தடவை வண்டியைக் கொடுக்காதீர்கள்.

வெளியே தெரியும் ஃபேன் பெல்ட் வேறு, டைமிங் பெல்ட் வேறு. சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றும், ஆனால் "போன வருடம்தான் பெல்ட் மாற்றினோம்" என்று சொல்லும் பலர் காட்டுவது ஆல்டர்னேட்டரைச் சுற்றும் வெளி பெல்ட்டின் ரசீதைத்தான். வாங்கும்போது ரசீதில் டென்ஷனர், ஐட்லர் என்று இருக்கிறதா பாருங்கள்.

சரி, செயினுக்கு வருவோம்.

செயின் பற்றி நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: அதற்குப் பராமரிப்பு இல்லை என்பது தவறு, அதன் பராமரிப்பு முழுவதும் எஞ்சின் ஆயிலுக்குள் ஒளிந்திருக்கிறது. பெல்ட்டுக்கு ஒரு தேதி உண்டு, அந்தத் தேதியில் செய்துவிட்டால் முடிந்தது, நடுவில் நீங்கள் ஆயில் மாற்றத் தவறியதை அது கண்டுகொள்ளாது. செயினுக்குத் தேதி கிடையாது, ஆனால் நீங்கள் தள்ளிப்போட்ட ஒவ்வொரு ஆயில் சர்வீஸும் அதில் பதிவாகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரே எஞ்சின் ஒருவரிடம் 3 லட்சம் கி.மீ. சத்தமில்லாமல் ஓடுகிறது, இன்னொருவரிடம் 80,000-லேயே கடகடக்கிறது.

செயின் "நீண்டுவிட்டது" என்கிறோம், இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் இருக்கிறது, அந்தப் பின்னும் அது உட்காரும் துளையும் தேய்கின்றன. சைக்கிள் செயின் தளர்வது மாதிரியேதான், ஆனால் இங்கே நேரம் காட்டும் வேலையும் அந்தச் செயினுக்கு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கண்ணிக்கு 8 மி.மீ., கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 160 மி.மீ. செயின் ஓடுகிறது. கிராங்க்குக்கும் கேமுக்கும் நடுவில் இழுபடும் பக்கத்தில் மொத்தமாக 2 மி.மீ. நீளம் கூடினால் கிராங்க் கணக்கில் 4½ டிகிரி கேம் பின்தங்கும். தளர்ந்த பக்கத்தை டென்ஷனர் தள்ளிப் பிடித்துக்கொள்ளும், இந்தப் பின்தங்கலை அதனால் சரிசெய்ய முடியாது. வண்டி ஓடும், கொஞ்சம் இழுவை குறையும், மைலேஜ் குறையும், ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்கு மெதுவாக. ஒரு நாள் எஞ்சின் லைட் எரியும், ஸ்கேனரில் பி0016, பி0017 மாதிரி பிழை எண் வரும்: கிராங்க் சென்சார் சொல்வதும் கேம் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்துச் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. சென்சாரோ வயரோ கெட்டும் இது வரலாம், ஆனால் காலைக் கடகடப்போடு சேர்ந்து வந்தால் முதலில் செயினைச் சந்தேகப்படுங்கள்.

பின்னையும் துளையையும் தேய்ப்பது எது? கெட்ட ஆயில். டீசலில் கரி சேரும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் டர்போ எஞ்சின்களிலும் கரி சேரும், அதோடு எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கவும் செய்யும். எஞ்சின் சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும் குட்டிக் குட்டி ஓட்டம் இதில் மோசமானது, கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போக வாய்ப்பே கிடைக்காது. கண்ணுக்குத் தெரியாத கரித்துகள் பின்னுக்கும் துளைக்கும் நடுவில் போய் உப்புத்தாள் வேலை செய்கிறது. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல், எத்தனையோ நிறுவனக் கார்களில் போன எஞ்சின், செயின்தான், நல்ல எஞ்சினும்கூட. ஆயிலை இழுத்தடித்தவர்களிடம்தான் அந்தச் செயின் தகராறு செய்தது.

அடுத்தது டென்ஷனர். சின்ன கார்களில் பெரும்பாலும் ஆயில் பிரஷரில் தள்ளும் ஒரு சின்ன பிஸ்டன். எஞ்சின் நின்றதும் பிரஷர் போகும். நல்ல டென்ஷனரில் ஆயில் திரும்பி ஓடாமல் ஒரு வால்வும், பின்வாங்காமல் ஒரு பல்வரிசையும் பிடித்திருக்கும். இவை தளர்ந்தால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பிரஷர் ஏறும்வரை செயின் தளர்ந்து ஆடி, அது உரசி ஓடும் கைடின் மேல் அடிக்கும். அதுதான் நீங்கள் கேட்கும் சத்தம். ஒரு நொடி, ஒன்றரை நொடி வந்து நின்றால் ஒரு நிலை. மூன்று நான்கு நொடி நீடித்தால் அடுத்த நிலை. சூடான எஞ்சினில் ஐட்லிங்கிலும் கேட்கிறது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மறைகிறது என்றால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள், செயின் பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டுவதற்கு ரொம்ப தூரமில்லை.

உங்கள் காரில் நான் செய்யச் சொல்வது இந்த வரிசையில். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு குறைந்தாலே டென்ஷனர் காற்றை இழுக்கும், ஒரு லிட்டர் ஊற்றிச் சத்தம் நின்ற வண்டிகள் உண்டு. அப்புறம் கடைசியாகப் போட்ட ஆயில் ஃபில்டர் எது என்று பாருங்கள். ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது, எஞ்சின் நின்ற பிறகு ஆயில், அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வடியாமல் தடுப்பதற்கு. மட்டமான ஃபில்டரில் அது ஒழுங்காக மூடாது, காலையில் ஆயில் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்பிவிட்டுத்தான் மேலே ஆயில் அனுப்பும், அதுவரை கடகட. சரியான கிரேடு ஆயில், ஒரிஜினல் தரத்தில் ஃபில்டர் இரண்டையும் போட்டு, வண்டியை ஒரு ராத்திரி நிறுத்தி, காலையில் பானட்டைத் திறந்து வைத்து வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள், கைப்பேசியில் பதிவும் செய்துகொள்ளுங்கள். சத்தம் போயிருந்தால் நல்லது, ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டு ஓட்டலாம். போகவில்லையென்றால் ஸ்கேனர் போட்டு கேம், கிராங்க் ஒத்திசைவு எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பல எஞ்சின்களில் பிழை எண் வருவதற்கு முன்பே இந்த விலகல் தெரியும். சிலவற்றில் டென்ஷனரையோ அது நிற்கும் இடத்தையோ பார்க்கச் சின்ன மூடி இருக்கும், பிஸ்டன் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதிலேயே செயின் தேய்மானம் தெரிந்துவிடும்.

காலைச் சத்தம் எல்லாமே செயின் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேமின் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் விவிடி யூனிட்டின் பூட்டுப் பின் தளர்ந்தாலும் இதே மாதிரி கரகரக்கும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் ஹைட்ராலிக் டாப்பெட்டும் காலையில் டிக் டிக் என்று தட்டும், ஆனால் அது சீரான மெல்லிய தட்டு, செயின் சத்தம் பெட்டிக்குள் சங்கிலியைக் குலுக்கியது போலத்தான் இருக்கும்.

செயினை மாற்ற வேண்டிவந்தால் செயினை மட்டும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய பல்சக்கரத்தில் பழைய செயினுக்கு ஏற்ப பல் தேய்ந்திருக்கும், புது செயினை அது சீக்கிரமே தின்றுவிடும். கைடுகள் நைலான். கழற்றிப் பார்த்தால் செயின் தகடுகள் ஓடிய இரண்டு கோடு பள்ளமாகப் பதிந்திருக்கும், கொஞ்சம் அழுத்தினால் மண்பாண்டம் போல உடையும். உடைந்த துண்டு சம்ப்பில் விழுந்து ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரை அடைக்கும், அதனால் கைடில் ஒரு துண்டு காணவில்லையென்றால் சம்ப்பைக் கழற்றித் தேடிக் கண்டுபிடிக்காமல் மூடக் கூடாது. கழற்றிய செயினின் ஒரு கண்ணியைப் பிடித்துப் பக்கவாட்டில் படுத்த மாதிரி நீட்டிப் பாருங்கள், பக்கத்திலேயே புது செயினையும். புதியது ஓரளவு விறைப்பாக நிற்கும், தேய்ந்தது வில் போல வளைந்து தொங்கும். அந்தக் காட்சிக்குப் பிறகு ஆயில் சர்வீஸைத் தள்ளிப்போட மனசு வராது.

செலவைப் பொறுத்தவரை பெல்ட் வேலையைவிடச் செயின் வேலை பெரும்பாலும் பல மடங்கு, காரணம் உதிரிபாகத்தைவிடக் கூலி. செயின் எஞ்சினின் உள்ளே ஆயிலில் ஓடுவதால் முன் கவரைக் கழற்ற வேண்டும், பலவற்றில் சம்ப், வால்வு கவர், எஞ்சின் மவுன்ட் வரை கழற்ற வேண்டும், கவரை மூடும்போது சீலன்ட் சரியாகப் போடாவிட்டால் ஆயில் கசியும். பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் போல் செயினைக் கியர்பாக்ஸ் பக்கம் வைத்திருந்தால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் அதைத் தொடவே முடியாது. முழு ஆயுளுக்கும் தாங்கும் என்று நம்பி அங்கே வைத்தார்கள், ஓட்டியவர்கள்தான் அனுபவித்தார்கள்.

இந்தச் சண்டையில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு, பழைய கார் வாங்கும்போது நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான்: ஆயிலுக்குள்ளேயே ஓடும் ரப்பர் பெல்ட், ஈர பெல்ட் என்கிறார்கள். உராய்வு குறையும், சத்தம் குறையும் என்று கொண்டுவந்தார்கள். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பெஜோ சிட்ரோன் கார்களின் 1.2 ப்யூர்டெக் இரண்டும் பெயர் போனவை. ஆயிலில் பெட்ரோல் கலந்தாலோ தவறான ஆயிலை ஊற்றினாலோ ரப்பர் ஊறி உப்பி உதிர ஆரம்பிக்கும், அந்தத் துகள் ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும், பிரஷர் விழும். அதாவது பெல்ட் அறுவதற்கு முன்பே எஞ்சின் ஆயில் இல்லாமல் சாகலாம். ப்யூர்டெக்கில் ஆயில் ஊற்றும் வாய் வழியாகவே ஓர் அளவுத் தகட்டை விட்டு பெல்ட்டின் அகலத்தைப் பார்க்கும் வழி உண்டு, தகடு நுழையவில்லை என்றால் பெல்ட் உப்பிவிட்டது. 2024-இல் ஸ்டெல்லான்டிஸ் ஐரோப்பாவில் இதற்கான வாரன்டியை 10 வருடம் அல்லது 1,75,000 கி.மீ. என்று நீட்டியது, ஹைப்ரிட்டுக்காகத் திருத்திய புது 1.2 எஞ்சினில் செயின் போட்டுவிட்டார்கள். செயின் மாதிரியே ஆயில், பெல்ட் மாதிரியே தேதி, இரண்டு கணக்கும் இதற்கு உண்டு, ஒன்றில் தவறினாலும் போச்சு.

எது இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எஞ்சினின் பக்கத்தில் இருக்கும் கவர் பிளாஸ்டிக்காக, இரண்டு மூன்று கிளிப்பிலும் போல்ட்டிலும் லேசாகப் பூட்டியிருந்தால் பொதுவாக உள்ளே பெல்ட். அலுமினியமாக, சுற்றிலும் நெருக்கமாகப் போல்ட், ஓரத்தில் சீலன்ட் பிதுங்கியிருந்தால் செயின். ஈர பெல்ட்டும் இதே மாதிரி மூடித்தான் இருக்கும், வெளியே பார்த்து ஏமாறும் இடம் அதுதான். காரின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் எஞ்சின் குறியீட்டைப் பார்த்து, அந்தக் குறியீட்டுக்கான பராமரிப்பு அட்டவணையில் பெல்ட் மாற்றும் வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அந்த 8 வருட பெல்ட் கார். மற்றதெல்லாம் பிடித்திருந்தால் வாங்குங்கள். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், தேவையானால் வாட்டர் பம்ப், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள், ரசீது இல்லாததால் அதைக் கேட்பதில் தப்பே இல்லை. வாங்கியதும் முதல் வேலையாக மாற்றிவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அதற்கு முன் நெடுந்தூரப் பயணம் வேண்டாம். செயின் கார் ஏதாவது பார்க்கப் போனீர்கள் என்றால் சொல்லாமல் காலையிலேயே போய், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானட்டில் கையை வையுங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் யாரோ சத்தத்தை உங்களுக்கு முன்பே கேட்டு முடித்துவிட்டார் என்று அர்த்தம், எஞ்சின் ஆறிய பிறகு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஓடும்போது பட்டென்று எஞ்சின் அணைந்து, மறுபடி சாவி திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றினால், திரும்பத் திரும்ப முயற்சி செய்யாதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. கம்ப்ரெஷன் இல்லாமல் சுற்றும் சத்தம் அது, ஒவ்வொரு முயற்சியிலும் இன்னும் இரண்டு வால்வு வளையலாம். இழுத்துக்கொண்டு போய், புது பெல்ட்டைப் போடுவதற்கு முன்பு சிலிண்டருக்குக் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள், அப்போதுதான் ஹெட் கழற்ற வேண்டுமா இல்லையா என்று தெரியும்.

இன்னொன்று, சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்த பிறகே கியரில் விடுங்கள். வெறும் கியரில் மட்டும் நிற்க விட்டால் வண்டியின் எடை எஞ்சினை ஓடும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் சுற்றப் பார்க்கும், அப்போது இழுபடுவது டென்ஷனர் இருக்கும் பக்கம். ஆயில் பிரஷர் இல்லாத நேரம் வேறு. டென்ஷனர் ஏற்கெனவே தளர்ந்த எஞ்சினில் பல் தாண்ட இது போதும்.

எஞ்சின் ஃப்ளஷ் ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் காரின் ஆயில் வரலாறு தெரியாத நிலையில் வேண்டாம். உள்ளே படிந்திருக்கும் கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து போய் ஸ்ட்ரெய்னரிலும் டென்ஷனரின் ஊசித் துளையிலும் உட்கார்ந்தால் இருப்பதும் கெடும். நல்ல ஆயிலை 3,000 கி.மீ. ஓட்டி, ஃபில்டரோடு மாற்றி, மறுபடி அதே மாதிரி ஒருமுறை செய்தால் அதே வேலை மெதுவாக, ஆபத்தில்லாமல் நடக்கும்.